எறும்புச் சாட்சி

முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது. அடுத்தது காதோரம்.

தோசைக்கரண்டியின் காம்பு வளைந்ததும் அதை வீசி எறிந்துவிட்டு, அவள் கையால் தொடர்ந்தாள்.

"எடுக்கலம்மா. சத்தியமா எடுக்கல."

மகள் மோனிஷா சொல்லச் சொல்லத்தான் அடி பலத்தது. பதினோரு வயதில் இத்தனை அழுத்தமா!

பாயின் ஓரத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்த்துக் கிடந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? மனிதர்கள் பொய் சொல்வார்கள், எறும்பு சொல்லாது. போதாததற்கு, ஒரு வாரமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள். மிட்டாய் தின்றவளுக்குத்தானே அப்படித் தாகம் எடுக்கும்?

அம்மாவுக்குக் கடலைமிட்டாய் கம்பெனியில் பொட்டலம் போடும் வேலை. பள்ளி விட்டதும் மோனிஷா அங்கேதான் வந்து உட்காருவாள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் பெண்கள் எல்லாரும் வாசலில் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவள் மட்டும் உதற வேண்டாம் என்று முதலாளியே சொல்லியிருந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகும் அவள் தலைநிமிர்ந்து நடந்தது அந்த ஒரு பெருமையில்தான்.

அதில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாளே, பாவி.

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"ஆமா, எடுத்தேன்."

அப்போதுதான் அடி நின்றது.

மறுநாள் கம்பெனியில், எல்லார் முன்னாலும் மகளை முதலாளி காலில் விழ வைத்தாள்.

விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

நடிக்கிறாள் என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு இரைப்பதைப் பார்த்தாள்.

பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். சலைன் ஏற்றினார்கள், இன்சுலின் போட்டார்கள். எந்த வகைச் சர்க்கரை என்று உறுதியாகத் தெரிய ஆன்டிபாடி டெஸ்ட் பார்க்க வேண்டும் என்று ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள்.

அவள் கும்பிடாத சாமி இல்லை.

தின்று தின்று வந்த சர்க்கரை என்று ரிசல்ட் வர வேண்டும். அது மட்டும் வந்துவிட்டால் போதும். அடித்த அடி அத்தனையும் நியாயமாகிவிடும்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா அவளை வார்டுக்கு வெளியே கூப்பிட்டார்.

"இனிப்பு தின்னதால வந்தது இல்லம்மா. பாப்பா உடம்பே, இன்சுலின் சுரக்குற செல்ல எதிரின்னு நெனச்சு அழிச்சிருக்கு. டெஸ்ட்ல தெளிவா இருக்கு."

"பாயில எறும்பு மொய்ச்சுதே, டாக்டரம்மா?"

"தூக்கத்துல பாய நனைச்சிருப்பா. இந்த நோயில ஒண்ணுக்குலயும் சர்க்கரை போகும். அதுக்குத்தான் எறும்பு வந்திருக்கும்."

அடித்த கையை வெட்டி எறிய வேண்டும் போலிருந்தது. எந்தக் கையை வெட்டுவது? இரண்டாலும்தான் அடித்திருந்தாள்.

கட்டிலருகே போய்க் குனிந்தாள். மகளின் உதட்டில் பொருக்குத் தட்டியிருந்தது.

"நீ எடுக்கலடி தங்கம். டெஸ்ட்ல வந்துருச்சு. நீ எடுக்கவே இல்ல."

மோனிஷாவின் கண் அம்மாவின் கைகளை விட்டு நகரவில்லை.

மகளின் தலையைத் தடவ அவள் கையைத் தூக்கினாள்.

பிள்ளை ஊசி குத்தியிருந்த கையால் முகத்தை மூடிக்கொண்டது.

"எடுத்தேம்மா. சத்தியமா நான்தான் எடுத்தேன்."