ஒரு ரூபாய் கம்மி

"டெண்டர் போட வந்தவன்கிட்ட உனக்கென்னய்யா குசுகுசுன்னு பேச்சு?"

தலைமைப் பொறியாளர் போட்ட சத்தத்தில் டெண்டர் கிளார்க் வெலவெலத்துப் போனார்.

விஷயம் இதுதான். நகராட்சி புதிதாகப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டப் போகிறது. கட்டட வேலை முழுவதையும் நடத்திக் கொடுக்க ஒரு மேனேஜர் வேண்டும். தனக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதி, உறையை ஒட்டி, மூன்று மணிக்குள் பெட்டியில் போட வேண்டும். குறைவாகக் கேட்பவருக்கு வேலை.

போன தடவை அப்படிக் குறைவாகக் கேட்டு வந்த மகராசன் கட்டிய நூலகத்தில் மாடிப்படி இருக்கிறது. மாடிதான் இல்லை.

"ஒரு யோசனை சொன்னேன் சார்," கிளார்க் தலையைச் சொறிந்தார். "தொகையே போடாதீங்க, 'மத்தவங்க கேட்டதுல ஒரு ரூபாய் கம்மி'ன்னு மட்டும் எழுதுங்க, உங்களை அடிச்சுக்க ஆளே இல்லைன்னு..."

"அடப்பாவி! எத்தனை பேருக்குய்யா சொன்னே?"

"ரெண்டே பேருக்குத்தான் சார்."

"உன் சீட்டைக் கிழிக்கலேன்னா பாரு! நேர்மைன்னா என்னன்னாவது தெரியுமாய்யா உனக்கு?"

படாரென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு மேயரம்மா வந்து, தலைமைப் பொறியாளர், கணக்கர் முன்னிலையில் பெட்டியைத் திறந்தார்.

முதல் உறை: 'மற்றவர்கள் கேட்டதில் ஒரு ரூபாய் கம்மி.'

மேயரம்மா சிரித்துவிட்டார். இரண்டாவதைப் பிரித்தார். அதே வாசகம். மூன்றாவதும் அதே.

"ஏங்க, இவரைவிட அவர் கம்மி, அவரைவிட இவர் கம்மின்னா இது எங்க போய் முடியும்?"

கணக்கர் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் திகைத்தார். "இப்படியே போனா கடைசியில இவங்கதாம்மா நமக்குச் சம்பளம் தரணும்!"

நான்காவது உறை, நகரத்தின் பெரிய பாலத்தைக் கட்டி முடித்த பெண் பொறியாளருடையது. அதில் மட்டும் ஒழுங்காக ஒரு தொகை இருந்தது.

கிளார்க் எழுந்தார். "விதி பதினொண்ணும்மா. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதாத டெண்டர் செல்லாது. மூணும் தள்ளுபடி."

ஆபீசிலேயே விதிப் புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே ஜீவன் அவர்தான்.

"வேணும்னேதான் அப்படி எழுதச் சொன்னேம்மா. ஒருத்தர் அந்த நூலகத்து ஆள், இன்னொருத்தர் அவரோட கூட்டாளி. பிள்ளைத்தாச்சிங்க வந்து போற இடம். என் வேலை போனாலும் பரவாயில்லைன்னு துணிஞ்சிட்டேன்."

"கேட்டீங்களாம்மா!" தலைமைப் பொறியாளர் துள்ளிக் குதித்தார். "அவனே ஒத்துக்கிட்டான்! பாவம், மூணு பேரை ஏமாத்தியிருக்கான்!"

கிளார்க் குழப்பமாகப் பார்த்தார்.

"நான் ரெண்டு பேருக்குத்தானே சார் சொன்னேன்? மூணாவது உறை உங்க மச்சானோடதாச்சே, அவருக்கு யாரு சார் சொன்னது?"