முதல் கோப்பை

“முதல் பேரு யாரோடதோ அவருக்கு முழு மதிப்பெண். கூட எழுதினவங்களுக்குக் கால் மதிப்பெண். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்று அபு லைத் மேசையைத் தட்டினார்.

அம்மானுக்குத் தெற்கே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், நல்ல ஆய்வு எது என்று எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் வகுக்க நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேதியியலுக்கு அபு லைத். வரலாற்றுக்கு ராக்கான். கணிதத்துக்கு ஒரு பெண்மணி. மூத்த மகன் யஸனின் பெயரைச் சேர்த்து, ‘யஸனின் அம்மா’ என்ற பொருளில், எல்லோரும் அவரை உம் யஸன் என்றே அழைத்தார்கள். தலைமை, டீன் ஹாஸிம்.

அளவுகோல் முடிவானால்தான் அறிவியல் பிரிவில் காலியாக இருந்த ஒரே பேராசிரியர் பதவியை நிரப்ப முடியும். அதற்கு நின்றவர்கள் இருவர், இருவருமே கணிதம். ஒருவர் உம் யஸன். மற்றவர், அவரோடு சேர்ந்தே எல்லா ஆய்வுகளையும் எழுதிய நயீம். இந்த வருடம் விட்டால் நயீமுக்கு அடுத்தது ஓய்வுதான்.

“போட்டியில நிக்கறவங்களே விதி போடற இடத்துல உட்காரலாமா?” என்றார் ராக்கான்.

“நம்மகிட்ட மூத்தவங்க இவ்வளவு பேர்தான் டாக்டர். அவங்க பேசலாம், ஓட்டு கிடையாது,” என்றார் டீன்.

உம் யஸன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அபு லைத், உங்க துறையில முதல் பேருன்னா என்ன அர்த்தம்?”

“ராத்திரி பகலா ஆய்வுக்கூடத்துல நின்னு வேலை செஞ்சவன்னு அர்த்தம்.”

“உங்க பேரு எங்க வரும்?”

“கடைசில. ஆய்வுக்கூடம் என்னோடதாச்சே.”

“அப்போ உங்க விதிப்படி உங்களுக்கே கால் மதிப்பெண்தான்.”

“நான்தான் ஏற்கெனவே பேராசிரியராச்சே! எனக்கு எதுக்கு மதிப்பெண்?”

ராக்கான் குலுங்கிச் சிரித்தார். “எங்க துறையில ஒரு புத்தகத்துக்கு ஒரே பேருதான்யா. அது அச்சாகி வரதுக்குள்ள அந்தப் பேருக்கு முன்னால ‘மறைந்த’ன்னு சேர்த்துடுவாங்க.”

“எங்க துறையில முதல் பேருக்கு எந்த அர்த்தமும் இல்ல,” என்றார் உம் யஸன். “குடும்பப் பேரை எழுத்து வரிசைப்படி அடுக்குவோம். அவ்வளவுதான். யார் அதிகமா செஞ்சாங்கன்னு அதுல தெரியாது.”

“எழுத்து வரிசையா? பள்ளிக்கூடத்துல பசங்க பேரைக் கூப்பிடற மாதிரியா?” அபு லைத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இப்ப புரியுது. உங்க பேரு வாலில தொங்குது, அதான் இவ்வளவு வாதம்!”

டீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உம் யஸன் அவரைப் பார்த்துத் தலையை இலேசாக அசைத்தார். டீன் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது காப்பிக்காரர் ஏலக்காய் மணக்க உள்ளே வந்தார். வழக்கப்படி வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, சின்னக் கோப்பைகளில் ஒரு வாய் அளவு ஊற்றிக் கொடுத்தார். முதல் கோப்பை அபு லைத்துக்கு, அடுத்தது ராக்கானுக்கு, பிறகு டீனுக்கு. கடைசிக் கோப்பை உம் யஸனிடம் வந்தது.

“அபு லைத், முதல் கோப்பை உங்களுக்கு வந்துச்சே, ஏன்? இங்க நீங்கதான் எல்லாரையும் விடப் பெரியவரா?” என்று கேட்டார் உம் யஸன்.

“டீன் இருக்கும்போது நான் எப்படிப் பெரியவன்? வலப்பக்க ஓரத்துல உட்கார்ந்திருக்கேன், வந்துச்சு.”

“இந்த வழக்கம் தெரியாத ஒருத்தர் ஜன்னல் வழியா பார்த்தா என்ன நினைப்பார்? இவர்தான் பெரியவர், கடைசில இருக்கற அந்தம்மா யாரோ வேலைக்காரின்னு நினைப்பார். உங்க விதி ஜன்னல் வழியா பார்க்குது.”

அபு லைத் காப்பியைக் குடித்துவிட்டு, “நல்லாத்தான் பேசறீங்க,” என்று முனகினார்.

“ஒவ்வொரு துறையும் தன் வழக்கத்தைச் சொல்லட்டும். அதை வெச்சு அளங்க. கணிதத்துல எல்லாப் பேருக்கும் ஒரே மதிப்பெண்,” என்றார் உம் யஸன்.

“அப்புறம் ரெண்டு பேருக்கும் சமமா வந்து நிக்குமே?” என்றார் அபு லைத்.

“சமமா வந்தா பணிமூப்பு, இங்க எப்பவும் அதுதான்,” என்றார் ராக்கான். “நானே அப்படி வந்தவன்தான். ஆய்வு எங்க என்னைப் பேராசிரியர் ஆக்குச்சு? ஆயுசுதான் ஆக்குச்சு.”

ஓட்டு எடுத்தார்கள். டீனும் ராக்கானும் உம் யஸன் சொன்னதற்குக் கை தூக்கினார்கள். அபு லைத் கையைக் கட்டிக்கொண்டார்.

உம் யஸன் காலிக் கோப்பையைப் போதும் என்பதுபோல இப்படியும் அப்படியும் ஆட்டிக் காப்பிக்காரரிடம் நீட்டினார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

“மப்ரூக், பேராசிரியர் உம் யஸன்!” என்று கேலியாக வாழ்த்தினார் அபு லைத். “சட்டையை உங்க அளவுக்கே தைச்சுக்கிட்டீங்க.”

உம் யஸன் சிரித்துவிட்டுப் போனார். கதவு சாத்தும் வரை டீன் காத்திருந்தார்.

“அபு லைத், அவங்க எழுதின ஆய்வு ஒண்ணையாவது நீங்க பார்த்திருக்கீங்களா?”

“கணக்கை நான் எதுக்குப் பார்க்கறேன்?”

“அதுல அவங்க பேரு ஹனான் அப்பாதி. எல்லாத்துலயும் முதல் பேரு அவங்களோடதுதான்,” என்றார் டீன். “வாலில தொங்கறது நயீம் யாசினோட பேரு. பணியில மூத்தவரும் அவர்தான்.”