கூடத்தில் மூன்று பெட்டிகள்

“இதை விட்டா இப்படி ஒரு வேலை வீடு தேடி வராது. பேசாம சரின்னு சொல்லிடுங்க” என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே, கூடத்தில் கிடந்த மூன்று அட்டைப்பெட்டிகளில் ஒன்றுக்குள் டம்ளர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அடுக்கினாள்.

கோச் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். காலையிலும் மாலையிலும் பெண்கள் வாலிபால் அணிக்குப் பயிற்சியாளர். கணக்கில் அவரிடம் கோட்டை விட்டவர்கள்கூட அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேறு ஊரில் ஒரு பெரிய பள்ளி, இதே இரண்டு வேலைக்கும் ஏறக்குறைய இரட்டிப்புச் சம்பளம் தருவதாகக் கூப்பிட்டிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் சேதி வந்ததிலிருந்து மனிதர் வாயைத் திறக்கவில்லை. “போனா உனக்கும் வசதிதான்” என்று ஒரே ஒருமுறை சுரத்தில்லாமல் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டவள்தான், அடுத்த நாளே பெட்டிகளைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டாள்.

“பால்கனி வச்ச வீடு தர்றாங்க” என்றாள்.

“அஞ்சாவது மாடி. காயப்போட்ட துணி பறந்து போனா யார் வீட்டுக் கதவைத் தட்டுறது?”

“விளையாடறதுக்குக் கூரை போட்ட அரங்கம். மரப்பலகைத் தரையாம்.”

“மண்ணுல விழுந்து எழுந்திருக்காதவளுக்கு என்ன வாலிபால்?” கோச்சின் குரல் கொஞ்சம் ஏறியது.

“எங்க அக்கா அந்த ஊர்லதான் இருக்கா.”

“அதையும் யோசிச்சேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டா எனக்குச் சோறு கிடைச்ச மாதிரிதான்.”

அவள் விடுவதாக இல்லை. தனக்கு லேப் வேலை எந்த ஊரிலும் கிடைக்கும் என்றாள். இங்கே கூப்பிடு தூரத்தில் நடந்து போகிறாய், அங்கே ரெண்டு பஸ் மாற வேண்டும் என்றார் அவர். இந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்றாள். ஒழுகுகிற குழாயை நாளைக்கே மாற்றுகிறேன் என்றார். வருஷக்கணக்காக அவள் கெஞ்சியும் நடக்காத காரியம் அது.

டம்ளர்கள் முடிந்து தட்டுகளுக்கு வந்திருந்தாள். ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்படி என்னதான் இருக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல? ஒரு கிழிஞ்ச வலை. குண்டும் குழியுமா ஒரு மைதானம்.”

கோச் எழுந்தே நின்றுவிட்டார்.

“என்ன இருக்கா? அந்த இடதுகைக்காரி இருக்கா. போன வருஷம் குதிக்கவே பயந்தவ. அவளுக்கு எந்த உயரத்துல பந்து வந்தா ஓங்கி அடிப்பான்னு பந்தைத் தூக்கிக் கொடுக்கிற நம்ம செட்டர் பொண்ணுக்கு இப்பதான் பிடிபட்டிருக்கு. பார்க்கிறவங்க அடிக்கிறவளுக்குத்தான் கைதட்டுவாங்க. தூக்கிக் கொடுக்கிறவ கையிலதான் எல்லாம் இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? இப்ப நான் விட்டுட்டுப் போனா ரெண்டும் அம்போன்னு நிக்கும்.”

அந்தப் பெண்கள்மேல் தனக்கு இவ்வளவு பாசம் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. அந்தச் சூட்டோடு கோச் போனை எடுத்தார். பெரிய பள்ளிக்காரர்களிடம் மரியாதையாக நன்றி சொல்லி, வருவதற்கில்லை என்று சொல்லி முடித்தார்.

போனை வைத்த பிறகுதான் பெட்டிகள் மறுபடி கண்ணில் பட்டன. பால்கனி, அக்கா என்று ஆசை ஆசையாகப் பேசியவள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று இருந்தது. பக்கத்தில் போய் நின்றார்.

“கோவமா?”

“எனக்கென்ன கோவம். உங்க இஷ்டம்.” தட்டை நங்கென்று தரையில் வைத்தாள்.

“இந்த ஊர்லயே உனக்கு ஒரு பால்கனி வீடு பார்க்கிறேன். சத்தியமா.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோச் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து வெளியேறினார். தெருமுனை திரும்பும்போது அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது வீடு வரைக்கும் கேட்டது. வேலைச் சேதி வந்ததிலிருந்து நின்றுபோயிருந்த பாட்டு அது.

அது கேட்கும்வரை கதவோரம் நின்றிருந்தவள், உள்ளே போய் டம்ளர்களையும் தட்டுகளையும் பிரித்து அலமாரியில் பழையபடி வைத்தாள். காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூலைக் கடைக்குப் போனாள்.

“வாரக் கடைசியிலதானே திருப்பித் தரேன்னு சொன்னீங்க? அதுக்குள்ள காரியம் முடிஞ்சிடுச்சா?” என்றார் கடைக்காரர்.

“முடிஞ்சிடுச்சு அண்ணே. அந்த வேலைக்குப் போக அவருக்கு இஷ்டமே இல்ல. எனக்காகத்தான் தலையாட்டப் பார்த்தாரு. போக வேணாம்னு நான் சொல்லியிருந்தா, நான்தான் அவருக்காக விட்டுக்கொடுக்கிறேன்னு நினைச்சு, அன்னைக்கே மூட்டை கட்டியிருப்பாரு.”

“அவர்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுன்னு ஊரே சொல்லுதே?”

“ஜெயிச்சது அவர்தானே” என்று சிரித்தபடி அவள் பெட்டிகளைக் கீழே வைத்தாள்.

கல்லூரியில் ஆணும் பெண்ணும் கலந்து ஆடிய அணியில், கோச் ஓங்கி ஓங்கி அடித்துக் கைதட்டல் வாங்கிய அந்தக் காலத்தில், அவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த செட்டர் அவள்தான்.