மாடி வரை வரும் வாசனை

“மேடம், உங்க வீட்டுலேர்ந்து ஒரு மாதிரி வாசனை வருது!”

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார் மாடி வீட்டுச் செபஸ்தியான். கதவைப் பாதி திறந்த செல்லக்கிளிக்குத் தொண்டை கரகரத்தது. பின்னறையில் மெஷினை அப்போதுதான் நிறுத்தியிருந்தாள்.

“பிளீச்சிங் பவுடர் போட்ட மாதிரியா சார்?”

“ஆங்... அதேதான். நீங்க இருமுறதுகூட மேலே கேக்குது. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க” என்று கதவைச் சாத்தினாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

செல்லக்கிளி கல்லூரி ஒன்றின் பௌதிக லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு திருவானைக்காவலில் அந்தக் கீழ்வீட்டில் அவள் மட்டும்தான். டி.வி. பார்க்கப் பிடிக்காது. கோயிலுக்குப் போனால் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருப்பார்கள்.

பழைய டிரான்ஸ்பார்மரும் செம்புக் கம்பியும் வாங்கி வந்து, பல ஆயிரம் வோல்ட்டில் தீப்பொறி பாய்ச்சும் அந்த மெஷினைத் தானே செய்திருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு சுவிட்சைத் தட்டினால் ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி மின்னல்கள் தாவும். சடசடவென்று சத்தம் போடும். அந்த வீட்டில் அவளைத் தவிரச் சத்தம் போட்டது அது ஒன்றுதான்.

தீப்பொறி பாய்ந்தால் காற்றில் ஓசோன் உண்டாகும். மூடிய அறையில் அது தேங்கினால் தொண்டை எரியும், நெஞ்சைப் பிடிக்கும். இதெல்லாம் தெரியாதவள் இல்லை. லேபில் பிள்ளைகளிடம், “முதல்ல ஜன்னலைத் திறங்கடா!” என்று கத்தியவள்தான். வீட்டிலோ, வெளிச்சம் வந்தால் மின்னல் தெரியாதென்று எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தியிருந்தாள்.

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றை மாட்டினாள். ஜன்னலையும் திறந்தாள். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, காற்று மாறும்வரை அறைக்குள் போகாமல் இருந்தாள். இருமல் போன இடம் தெரியவில்லை.

ஆனால் செபஸ்தியான் வருவது நிற்கவில்லை.

“இன்னைக்கும் லேசா வருது மேடம்.” சாயங்காலமானால் இந்தப் புகாரோடு வந்து நின்றார். வந்தவரை வாசலோடு அனுப்ப மனசு வராமல், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள்.

அவரும் தனிக்கட்டைதான். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் வாங்காமல் பாத்ரூமுக்குள் ஒளிந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் பற்றி அவர் சொன்னபோது, செல்லக்கிளி வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பே அவளுக்குப் புதிதாக இருந்தது.

ஒருநாள் தூக்குவாளியில் மோர்க்குழம்பு கொண்டுவந்தார். “நானே வெச்சது. மதியம் நல்லாச் சாப்பிட்டேன். உங்களுக்கும் கொஞ்சம்.”

அவர் போன பிறகு மூடியைத் திறந்தாள். ஊசிப்போன நாற்றம் குப்பென்று அடித்தது. பாவம், தனியாகப் பொங்கித் தின்கிற மனுஷன் என்று நினைத்துக் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவி, “ரொம்ப நல்லா இருந்துச்சு சார்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

புகார் மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஓசோன் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு அந்த வாசனை பழகி, கொஞ்ச நேரத்தில் தெரியாமலே போய்விடும். என் மூக்குத்தான் மரத்துப் போச்சோ? ஜன்னல் வழியாகப் போவது நேராக மாடிக்குத்தான் ஏறுகிறதோ?

அடுத்த வாரம் காபியைக் குடிக்கும்போதே செபஸ்தியான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

“என்ன சார் ஆச்சு?”

“ஒண்ணுமில்ல மேடம், சளிதான்.”

அவளுக்கு அது சளியாகத் தெரியவில்லை. அவர் மாடியேறியதும் பின்னறைக்குப் போனாள். பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரில் தங்கியிருந்த மின்சாரத்தையும் பதனமாக இறக்கினாள். மாதக்கணக்காகச் சுற்றிய கம்பிச் சுருளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தாள். அன்றைக்கு வீட்டில் அவள் தட்டு வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் காலிங் பெல் அடித்தது.

“இன்னைக்கும் லேசா வருது மேடம்...”

செல்லக்கிளிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “உள்ளே வாங்க சார்!” என்று நேராகப் பின்னறைக்கே அழைத்துப் போனாள்.

“பாருங்க, நேத்தே கழட்டிட்டேன். உங்க உடம்புக்கு ஆகலையேன்னுதான் கழட்டினேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இப்ப சொல்லுங்க, என்ன வாசனை வருது?”

செபஸ்தியான் வெறும் மேஜையைப் பார்த்தார். மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ... எனக்காகவா கழட்டினீங்க?”

“வேற யாருக்காக?”

அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“கொரோனா வந்ததுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது மேடம்.”