கேட்கவில்லை என்றொரு புகார்

சைரன் ஊத ஆரம்பித்து முழுசாக ஒரு நிமிடம் ஆகியிருந்தது. ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தும் அலமாரிக்குள் கண்ணாடித் தம்ளர்கள் உரசி நடுங்கின. மேசைமேல் இருந்த ஒலி மீட்டர் எழுபத்தொன்று டெசிபல் என்று காட்டியது.

நாற்காலியில் சாய்ந்திருந்த மாமனார் நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன சார், பதினொரு மணின்னீங்க. இன்னும் ஆரம்பிக்கலையா?"

அவன் மீட்டரை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

அணுமின் நிலையத்தைச் சுற்றி நிற்கும் நாற்பது அபாய சைரன்களையும் மாதம் ஒருமுறை ஊதிப் பார்ப்பது அவன் வேலை. எந்த வீட்டிலிருந்தாவது 'கேட்கவில்லை' என்று புகார் வந்தால், அடுத்த சோதனை அன்று அந்த வீட்டுக்கே போக வேண்டும். ஜன்னலைச் சாத்தி, உட்கார்ந்து அளந்து, 'கேட்டது' என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

ஊரெல்லாம் காதைப் பொத்திக்கொள்கிற சைரன், ஒரே ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லையாம். அது அவன் மாமனார் வீடு. அவன் மனைவி கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் வீடு.

காரணம் சுவரில் மாட்டியிருந்தது. மச்சினி கல்யாணத்தில் குடும்பப் படத்துக்கு எல்லோரும் நின்றபோது, பதினேழாம் எண் சைரன் கம்பம் பழுது என்று போன் வர, இவன் ஓடிவிட்டான். படத்தில் அவன் மனைவி பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி அப்படியே இருந்தது. அன்றிலிருந்து மாமனாருக்கு இவன் வெறும் 'சார்'.

சைரன் அடங்கியது. "ஊதி முடிச்சாச்சு, மாமா" என்றான்.

அவர் காதருகே கையைக் குவித்தார். "என்னது?"

"முடிஞ்சு போச்சு!" என்று கத்தினான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார். பொய்க் கையெழுத்தா போடச் சொல்றீங்க?"

ஏற்கெனவே இரண்டு மாதம் வெறுங்கையோடு திரும்பியாயிற்று. இன்றும் கையெழுத்து இல்லையென்றால், ஒரு நாள் பயண தூரத்திலுள்ள இன்னொரு நிலையத்துக்கு மாற்றல் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

"பின்பக்கத்துக் குழாய் வேற சொட்டுது, சனியன்" என்று முணுமுணுத்தபடி மாமனார் எழுந்து, இரண்டு அறைகளைத் தாண்டிப் போனார்.

படிவத்தின் அடியில் இன்னொரு கட்டம் இருந்தது: 'வீட்டுக்காரர் காது கேளாதவர்'. அவன் பேனாவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

சமையலறை வாசலில் நின்ற மனைவி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "அதுல டிக் போட்டா என்ன ஆகும்?"

"சுவத்துல ஒரு விளக்கு மாட்டிடுவாங்க. அபாயம்னா மின்னும். புகார் முடிஞ்சிடும், எனக்கும் மாற்றல் இருக்காது."

"அப்புறம் நீங்க இங்க வரமாட்டீங்க."

"வர வேலை இருக்காதே."

அவள் கையிலிருந்த கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

டிக் போட்டால் இந்தக் கதவு மூடிவிடும். போடாவிட்டால் இந்த ஊரே இல்லை. உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல், நாற்காலி நுனியில் தவித்தான். பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டான்: "இன்னும் கோவம் போகலையா?"

"கோவம் எப்பவோ போயாச்சு" என்றாள் அவளும் மூச்சுக்காற்று அளவுக்கு. "மாசாமாசம் மீட்டரைத் தூக்கிட்டு வர்றீங்க, எழுபத்தொண்ணுங்கறீங்க, போறீங்க. வீட்டுக்கு வாடின்னு ஒரு வார்த்தை வருதா உங்க வாயில?"

அவன் பேனாவை மூடி வைத்தான். "வாயேன்... நம்ம வீட்டுக்குப் போகலாம்."

அவள் பதில் சொல்லுமுன், இரண்டு அறைகளுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"இப்போ நல்லாக் கேட்டுச்சு மாப்பிள்ளை, எங்க கையெழுத்துப் போடணும்?"