சிவா பதில் சொல்லவில்லை

"முகவரியே இல்லாத ஆளுக்கு உலக வரலாறு எதற்கு?"

முன்ஸிப் ஹாஜியார் இப்படி எழுதி அனுப்பியதும், வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் படங்கள் சடசடவென்று வந்து விழுந்தன.

ஹாஜியாருக்குப் பண்டாரவளையில் துணிக்கடை. கல்லாவில் உட்கார்ந்தபடியே ரோமாபுரியையும் கிரேக்கத்தையும் ஆள்பவர். வரலாறு, சமயம், தத்துவம் என்று நூற்றிருபது பேர் மோதிக்கொள்ளும் 'அறிவுக்களம்' குழுவுக்கு அவர்தான் அட்மின். அவர் எது எழுதினாலும், வாசிக்காமலே கைதட்ட அதில் பாதிப் பேர் இருந்தார்கள்.

"யாரப் போட்டுத் தாளிக்கிறீங்க?" சாரி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஸுபைரா கேட்டாள்.

"அந்த சிவாவத்தான். குழுவ விட்டே தூக்கப் போறேன்."

"நல்லா வாதாடுற பொடியன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வாதாடினான்தான். கடைசிச் சுற்றுல, சோக்ரடீஸ் தன்னோட புத்தகத்துல எழுதினதுன்னு நாலு வரி எடுத்துப் போட்டேன் பாரு! கப்சிப். இன்னைக்கு வரைக்கும் அதுக்குப் பதில் இல்ல. அந்த நாலு வரிய வச்சு நான் எழுதின கட்டுரையத்தான் குழுவோட ஆண்டு மலர்ல முதல் பக்கத்துல போடப் போறாங்க."

விஷயம் வெறும் வாதம் மட்டுமில்லை. குழுவில் இருந்த லண்டன் டாக்டர் இப்றாஹீம், நன்றாக வாதிடும் ஓர் ஏழைப் பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு முழுச் செலவும் தருவதாகச் சொல்லியிருந்தார். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். பதுளை பர்ஹான், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருப்பதாகச் சொன்ன சிவா.

இருவரும் உண்மையான ஆட்கள்தானா என்று பார்க்க ஹாஜியார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கொரு பதிவுத் தபால், உள்ளே ஓர் இலக்கம். பதினான்கு நாளுக்குள் அந்த இலக்கத்தைக் குழுவில் எழுத வேண்டும்.

"போன்ல யாரும் யாராவும் பேசலாம். தபால் பொய் சொல்லாது" என்று அதற்கு விளக்கம் வேறு கொடுத்தார்.

பர்ஹானின் இலக்கம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. சிவாவின் இலக்கம் வரவே இல்லை.

"கேட்டா என்ன எழுதுறான் தெரியுமா? 'கிளாக்கர் ஐயா லீவுல இருக்காங்க, கொஞ்சம் பொறுங்க'ன்னு எழுதுறான். கடிதத்துக்கும் கிளாக்கருக்கும் என்ன சம்பந்தம்? கொடுத்த முகவரியப் பாரு. பேர், மேற்பிரிவு, தோட்டம், லுணுகலை. வீட்டு நம்பரும் இல்ல, தெருவும் இல்ல. சுத்தப் போலி!"

"இல்லங்க, தோட்டத்து ஆக்களுக்கு..."

"நீ சாரிய மடி."

அவள் மடித்தாள். அவர் சிவாவை நீக்கினார். குழுவில் மறுபடியும் கைதட்டல்.

மூன்று வாரம் கழித்துக் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே கோடு போட்ட கொப்பித் தாள். முதல் வரியில் பெரிதாக 4187 என்று எழுதியிருந்தது.

ஹாஜியாருக்குப் பக்கென்றது. சிவாவுக்கு அவர் அனுப்பிய இலக்கம் அதுதான்.

"சத்தமா வாசிங்க" என்றாள் ஸுபைரா.

'மதிப்புக்குரிய ஐயா, உங்கள் கடிதம் நேற்றுத்தான் என் கைக்குக் கிடைத்தது. எங்கள் லயத்து வீடுகளுக்கு நம்பர் கிடையாது. தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். சாதாரணக் கடிதம் என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். பதிவுத் தபால் என்பதால் கிளாக்கர் ஐயா மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டு லீவில் போய்விட்டார். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டதால் இலக்கத்தைத் தபாலில் அனுப்புகிறேன். நான் போலி இல்லை ஐயா. இப்படிக்கு, சிவசக்தி.'

"பொம்பளப் புள்ளயா!" என்றாள் ஸுபைரா. பிறகு மெதுவாகச் சொன்னாள். "தோட்டத்து வீடுகளுக்கு நம்பர் இல்லன்னுதான் அன்னைக்கு நான் சொல்ல வந்தேன்."

ஹாஜியார் முப்பது வருடமாகத் தோட்டத்து ஆட்களுக்குத்தான் துணி விற்கிறார். தீபாவளிக்குப் பார்சல் கட்டும்போது பேர், பிரிவு, தோட்டம் என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். ஒருவரிடமும் வீட்டு நம்பர் கேட்டதில்லை. அதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

உடனே லண்டனுக்கு அழைத்தார்.

"அடடா, பர்ஹானுக்குப் போன வாரமே கட்டியாச்சே ஹாஜியார்" என்றார் டாக்டர். "இனி மாத்த ஏலாது. அடுத்த வருஷம் என்னால முடியுமோ தெரியல."

ஹாஜியார் போனை வைத்தார்.

"ஒரு வருஷம் போச்சு ஸுபைரா. அந்தப் புள்ளட ஒரு வருஷத்த நான் திண்டுட்டேன்."

கடிதத்தை மடிக்க எடுத்த ஸுபைரா, தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"பின்பக்கத்துலயும் எழுதியிருக்கு."

ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

'ஆண்டு மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் கட்டுரையில் ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள் ஐயா. சோக்ரடீஸ் புத்தகம் எதுவும் எழுதவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். நூற்றிருபது பேருக்கு முன்னால் சொன்னால் உங்கள் மனம் கஷ்டப்படும் என்றுதான் நான் பதில் சொல்லவில்லை.'