கீழ்க்கோட்டுக்குக் கீழே

"நீ வந்ததும் ஏறிடுச்சு பாரு!"

சுவரில் மாட்டியிருந்த தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தைப் பேனாவால் தட்டினார் கானமோரி. தொயாமாவில் உள்ள அந்த ஊசி மருந்து ஆலையில் தரப் பிரிவுக்குத் தலைவர் அவர். தினமும் கழிக்கப்படும் குப்பிகளின் எண்ணிக்கையைக் காட்டும் புள்ளிகள், திங்கட்கிழமையிலிருந்து மேல் எல்லைக் கோட்டைத் தாண்டி நின்றன.

அப்பாவின் இறுதிச் சடங்கை முடித்துக்கொண்டு தொகாஷி வேலைக்குத் திரும்பியதும் அதே திங்கட்கிழமைதான். ஒவ்வொரு குப்பியையும் கறுப்புப் பலகைக்கு முன்னால் சுழற்றிப் பார்த்து, பழுதானதைக் கழிப்பது அவள் வேலை.

"போன வாரம் உன் நாற்காலியில நான் உக்காந்தேன். புள்ளி கீழ்க்கோட்டுக்கும் கீழ போச்சு. வெள்ளிக்கிழமை எல்லாரும் பீர் வாங்கிக் கொண்டாடினாங்க. நீ என்னடான்னா, துக்கத்துல கைக்கு வந்ததையெல்லாம் தூக்கிப் போடுற."

"கண்ணாடிச் சில்லு இருக்கு சார். ரத்தத்துல கலந்தா ஆள் பிழைக்க மாட்டாங்க. கழுவுற மெஷின்ல போன வாரத்துலேர்ந்தே குப்பி உடையுதாம்."

"அப்படின்னா போன வாரம் புள்ளி எப்படிம்மா இறங்கும்? சொல்லேன்."

தொகாஷி அடுத்த குப்பியை எடுத்தாள். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் வயதில்லை அவளுக்கு.

கழித்த தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்துச் சுழற்றினார் கானமோரி. தெளிந்த நீர். இன்னொன்றை எடுத்தார். அதுவும் தெளிந்த நீர்.

"எங்க இருக்கு உன் சில்லு? முதல்ல இந்த ட்யூப் லைட்டை மாத்தச் சொல்லு. மங்கிப்போய்க் கிடக்கு."

"புதுசு சார். நேத்துதான் மாட்டினாங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஆலை மேலாளர் இசோபேயை உடனே வரச்சொல்லிப் போன் செய்தார். இசோபே வந்ததும் தொகாஷியைக் கைநீட்டிக் காட்டினார்.

"நல்ல மருந்தைக் குப்பையில போடுறா சார். இன்னையோட இவளை நிறுத்திடுங்க. போன வாரம் இங்கேர்ந்து அனுப்பின குப்பியெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. ஒரு புகார் வந்துச்சா?"

"இன்னும் வரல" என்றார் இசோபே.

கானமோரி கீழே வைத்த அதே குப்பியை இசோபே எடுத்துப் பலகைக்கு முன்னால் சுழற்றினார். அவர் முகம் மாறியது. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும்.

"எல்லாத்துலயும் மினுமினுன்னு சில்லு."

குப்பியைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு வரைபடத்தின் பக்கம் நடந்தார். அவர் விரல் மேலே இருந்த புள்ளிகளை விட்டு நகர்ந்து, கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்த புள்ளிகளின் மேல் நின்றது.

"போன வாரம் இந்த நாற்காலியில உக்காந்தது யாரு?"